11 மில்லிமீட்டரா, 1 கிலோவா?

லேப்டாப் விளம்பரம் எதை எடுத்தாலும் பக்கவாட்டில் நிறுத்தித்தான் படம் போட்டிருப்பார்கள். ஓரத்தை மட்டும் காட்டி, எத்தனை மில்லிமீட்டர் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். வாங்கிய பிறகு அந்தக் கோணத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறோம். தோளுக்குத் தெரிவது கிராம் கணக்கு மட்டுமே.

மெல்லியதெல்லாம் இலேசாக இருக்காது. 2025-இல் ஆப்பிள் கொண்டுவந்த எம்4 சிப் மேக்புக் ஏர், 13 அங்குல மாடல், 11.3 மி.மீ. தடிமன், எடை 1.24 கிலோ. லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 13-ஆம் தலைமுறை அதைவிடத் தடிமன், திரையும் 14 அங்குலம். ஆனால் எடை 986 கிராமில் தொடங்குகிறது. கால் கிலோ குறைவு. வித்தியாசம் பெரும்பாலும் உடல் செய்யும் பொருளில் இருக்கிறது. ஆப்பிள் 2008-லிருந்து அலுமினியக் கட்டியைக் குடைந்து உடலைச் செய்துவருகிறது. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், மெக்னீசியம் 1.74 கிராம்தான். லெனோவோ மூடிக்குக் கார்பன் ஃபைபரையும் உடலில் மெக்னீசியக் கலவையையும் வைக்கிறது. தொட்டால் குளிர்ச்சியாக இருக்காது, தட்டினால் உலோகச் சத்தம் வராது. "இவ்வளவு விலை கொடுத்துப் பிளாஸ்டிக்கா?" என்று கடையில் முகம் சுளிப்பவர்கள் இதனால்தான் சுளிக்கிறார்கள்.

இந்த மில்லிமீட்டர் மோகம் எங்கே போய் முட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஓர் அலுவலக உறையைப் பிரித்து, அதற்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை உருவினார். 1.36 கிலோ. 2011-இல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்று ஒரு பெயரைச் சூட்டி, 30 கோடி டாலர் நிதியும் ஒதுக்கி, விண்டோஸ் கம்பெனிகளையும் அந்தப் பக்கம் தள்ளியது. 2016-இல் எச்பி ஸ்பெக்டர் 13, 10.4 மி.மீ. 2018-இல் ஏசர் ஸ்விஃப்ட் 7, 8.98 மி.மீ. நடுவில் 2015-இல் ஆப்பிள் 920 கிராமில் 12 அங்குல மேக்புக் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் யூஎஸ்பி-சி போர்ட் ஒன்றே ஒன்று. சார்ஜ் போட்டுவிட்டால் பென்டிரைவ் சொருக வழியில்லை. உயரத்தைக் குறைக்க அதில் வைத்த பட்டர்ஃபிளை கீபோர்டில் துளி தூசி போனாலும் போதும், எழுத்து விழாது. விழுந்தால் இரண்டாக விழும். 2018-இல் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டம், 2022-இல் அமெரிக்க வழக்கில் 5 கோடி டாலர் சமரசம் என்று அந்தக் கதை முடிந்தது. அந்த 12 அங்குல மாடலை 2019-இலேயே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது 9 மி.மீ.க்குக் கீழே போக யாரும் முண்டியடிப்பதில்லை. ஆகவே இன்றைய மாடல்களை ஒப்பிடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதை மெலிதாக்க எதை வெட்டினார்கள், வெட்டியது நமக்கு வேண்டியதா?

மேக்புக் ஏரிலிருந்து தொடங்குவோம். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். இதில் வெட்டப்பட்டது ஃபேன். எம்1 வந்த 2020-லிருந்தே ஏரில் ஃபேன் கிடையாது. அதனால் சத்தமே வராது, தூசியை உறிஞ்ச ஓட்டையும் இல்லை. பேட்டரி விஷயத்தில் ஆப்பிள் சொல்லும் கணக்கு, வைஃபையில் இணையம் பார்த்தால் 15 மணி நேரம். பேட்டரியின் கொள்ளளவு 53.8 வாட்-மணி. வகுத்துப் பாருங்கள்: சராசரி 3.6 வாட். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பில் பாதிகூட இல்லை, அதிலும் திரை வெளிச்சம் சேர்த்தி. விளம்பரக் கணக்கில் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், காலையில் சார்ஜரை வீட்டில் விட்டுப் போகலாம் என்ற தைரியத்தை விலைக்குத் தகுந்தபடி கொடுக்கும் மாடல் இது.

ஆனால் ஃபேன் இல்லாததற்கு ஒரு விலை உண்டு. எழுத்து வேலை, இணையம், கோடிங், போட்டோ திருத்தம் வரைக்கும் அது தெரியாது. அரை மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் உடல் சூடேறி, சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆப்பிள் தன் விவரப் பட்டியலிலேயே இயக்க வெப்பநிலையை 10 முதல் 35 டிகிரி என்று போட்டிருக்கிறது. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்தால் அறையே அந்த எல்லையைத் தாண்டிவிடும். மற்ற கம்பெனிகள் போடும் எல்லையும் ஏறக்குறைய இதேதான். ஆனால் அங்கே சூட்டை வெளியே தள்ள ஃபேன் இருக்கிறது. தினமும் வீடியோ எடிட்டிங் செய்கிறவர், அதுவும் ஏசி இல்லாத இடத்தில், ஏரை வாங்க வேண்டாம். அவருக்கு ஃபேன் வைத்த மேக்புக் ப்ரோ. எடை கூடத்தான் செய்யும்.

தமிழில் நிறைய எழுதுகிறவர்கள் மேக்குக்கு மாறத் தயங்குவது தேவையில்லாத தயக்கம். தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் மேக்கிலேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் சேர்த்தால் போதும். விண்டோஸிலும் தமிழ்99 உண்டு. இந்தக் கணக்கில் இருவரும் சமம். உண்மையான தடை டேலி என்ற கணக்கு மென்பொருள். மேக்கில் அது நேராக ஓடாது. விண்டோஸை உள்ளே தனியாக ஏற்றவோ, வேறு கம்ப்யூட்டருக்கு ரிமோட்டில் போகவோ வேண்டும். கணக்கு எழுதுவதே தொழில் என்றால் அந்தச் சுற்றுவழி இரண்டு நாளில் அலுத்துவிடும்.

விலைக்கு வருவோம். எம்4 ஏர் இந்தியாவுக்கு வந்தபோது தொடக்க விலை 99,900 ரூபாய். 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு. ரேம் போதும். சேமிப்புதான் இடிக்கும், அதைப் பிறகு கூட்டவும் முடியாது, போர்டிலேயே ஒட்டியது. போனிலிருந்து போட்டோவும் வீடியோவும் கொட்டுகிற பழக்கம் இருந்தால் 512 ஜிபிக்குக் குறைந்து எடுக்காதீர்கள், அல்லது வெளியே மாட்டும் எஸ்எஸ்டி ஒன்றுக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

எக்ஸ்1 கார்பன் கிட்டத்தட்ட எதிர்த்திசையில் நிற்கிறது. இங்கே வெட்டியது ரொம்பக் குறைவு. இரண்டு தண்டர்போல்ட் 4 (யூஎஸ்பி-சி வடிவத்திலேயே வேகமான போர்ட்), இரண்டு பழைய யூஎஸ்பி-ஏ, முழு அளவு எச்டிஎம்ஐ, ஹெட்போன் துளை, எல்லாம் ஒரு கிலோவுக்குள். கல்லூரி செமினார் ஹாலில் புரொஜெக்டர் கம்பியை நீட்டும்போது "டாங்கிள் யாரிடமாவது இருக்கா?" என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கீபோர்டில் ஒவ்வொரு விசையும் 1.5 மி.மீ. இறங்கும், ஏரில் 1 மி.மீ.தான். அரை மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஒரு பக்கம் அடிக்கும்போது தெரியாது, இருபது பக்கம் அடித்தால் விரலுக்குத் தெரியும். நடுவில் ஜி, எச், பி மூன்றுக்கும் இடையே அந்தச் சிவப்புப் புள்ளி. கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே சுட்டியை நகர்த்தலாம். பழகாதவர்களுக்கு வெறும் அலங்காரம்; பழகியவர்கள் அது இல்லாத லேப்டாப்பை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

1992-இல் ஐபிஎம் தொடங்கிய திங்க்பேட் வரிசையை லெனோவோ 2005-இல் வாங்கியது. அந்தக் காலத்து நல்ல பழக்கம் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: பழுதுபார்க்கும் கையேட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எந்தத் திருகு எத்தனை நீளம் என்பது வரை அதில் இருக்கும். அடிமூடியைக் கழற்றிப் பேட்டரி மாற்றலாம், எஸ்எஸ்டி மாற்றலாம். ரேம் மட்டும் முடியாது. இந்தத் தலைமுறையின் ஆரா பதிப்பில் இருக்கும் இன்டெல் லூனார் லேக் சிப்பில் ரேம் சிப்போடு சேர்ந்தே வருகிறது. உச்சம் 32 ஜிபி. பேட்டரியைச் சிக்கனமாகச் செலவழிப்பதில் இன்டெல் ஆப்பிளை நெருங்கியது இந்தச் சிப்பில்தான். அதற்கு முந்தைய சில தலைமுறைகளில் பையில் மூடி வைத்த விண்டோஸ் லேப்டாப் மாலையில் சூடாக, சார்ஜ் இல்லாமல் கிடப்பது சகஜம்.

குறை? விலை. இந்தியாவில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். சொந்தக் காசு போட்டு வாங்குகிறவருக்கு இதை நான் புதிதாகச் சொல்ல மாட்டேன். ஆபீஸ் வாங்கித் தருகிறது என்றால் யோசிக்காமல் டிக் அடியுங்கள். சொந்தக் காசுக்காரர்களுக்கு வேறு வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டெல் எக்ஸ்பிஎஸ் 13 பார்க்க இவற்றில் அழகானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுமார் 1.2 கிலோ, திரையைச் சுற்றி விளிம்பே இல்லாத மாதிரி, உள்ளே அதே லூனார் லேக். ஆனால் வடிவமைப்பாளரின் கத்திரி இங்கே கை மீறிப் போய்விட்டது. 2024-இல் வந்த 9350 மாடலில் இரண்டே இரண்டு யூஎஸ்பி-சி. ஹெட்போன் துளைகூட இல்லை. டச்பேட் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் பழக வேண்டும். விசைகளுக்கு இடையே இடைவெளி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மேல்வரிசை எஃப் விசைகளை எடுத்துவிட்டு, தொட்டால் வேலை செய்யும் ஒளிப்பட்டை வைத்தார்கள்.

அந்த வரிசையை நம்பித்தான் ஒரு கணக்காளரின் நாளே ஓடுகிறது. டேலியில் எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். எக்செலில் செல்லைத் திருத்த எஃப்2, ஃபார்முலாவில் முகவரியைப் பூட்ட எஃப்4. கண் பில்லில் இருக்கும், விரல் தானாக விசையைத் தேடிப் போகும். தடவிப் பார்த்தால் ஒன்றுமில்லாத கண்ணாடிப் பட்டையில் எஃப்8 எது, எஃப்9 எது என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு வவுச்சர் போடுகிறவரிடம் இதைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

டெல்லுக்கே இது உறைத்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் எக்ஸ்பிஎஸ் என்ற பெயரையே கைவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து, 2026 ஜனவரியில், பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கூடவே நிஜமான எஃப் விசைகளையும். ஆகவே கடையில் பழைய எக்ஸ்பிஎஸ் 13 நல்ல தள்ளுபடியில் கண்ணில் பட்டால், வாங்குமுன் மேல்வரிசையை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுந்தவில்லை என்றால் அந்தத் தள்ளுபடி எதற்கு என்று புரிந்துவிடும்.

ஏசுஸில் இரண்டு மாடல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், பெயர்கள் குழப்பும். ஸென்புக் எஸ் 14: லூனார் லேக், 1.2 கிலோ, 14 அங்குல ஓஎல்இடி திரை, 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படம் புதுப்பிக்கும்), 72 வாட்-மணி பேட்டரி. இரண்டு தண்டர்போல்ட், ஒரு யூஎஸ்பி-ஏ, எச்டிஎம்ஐ, ஹெட்போன் துளை. அதாவது ஏரின் எடையில் ஏரைவிடப் பெரிய திரை, பெரிய பேட்டரி, கூடுதல் போர்ட்டுகள். விண்டோஸ்தான் வேண்டும், இரண்டு லட்சம் முடியாது என்பவருக்கு என் முதல் கை இதை நோக்கித்தான் நீளும். ஓஎல்இடி திரை கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகமே தெரியும். ஒரே படம் வருடக்கணக்கில் நின்றால் தடம் பதியும் அபாயமும் ஓஎல்இடிக்கு உண்டு என்பதால் டாஸ்க்பாரை மறைத்து வைப்பது நல்லது.

ஸென்புக் ஏ14 இன்னொரு ரகம். 980 கிராம், 70 வாட்-மணி பேட்டரி, ஸ்னாப்டிராகன் சிப். கையில் எடுத்தால் உள்ளே ஒன்றுமில்லாத டெமோ பொம்மையோ என்று தோன்றும். திரையும் ஓஎல்இடிதான், ஆனால் 60 ஹெர்ட்ஸ், தெளிவும் எஸ் 14-ஐவிடக் குறைவு. பெரிய விஷயம் அது இல்லை. ஸ்னாப்டிராகன் என்பது போன் சிப்களின் ஆர்ம் குடும்பம். பழைய விண்டோஸ் மென்பொருள்களில் பெரும்பாலானவற்றை மொழிமாற்றி ஓட்டிவிடும். கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல்களை அப்படி ஓட்ட முடியாது. டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கன், பழைய ஸ்கேனர், லேபிள் பிரிண்டர், சில கம்பெனிகளின் விபிஎன்: இவற்றுக்கு ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் இருந்தால் வேலை நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. டோக்கனைச் சொருகிக் கையெழுத்துப் போட்டு ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர், தாக்கலுக்குக் கடைசி நாளில் இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல. டோக்கன் விற்றவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்கலாம். பிரவுசர், வேர்டு, எக்செல், சினிமா என்று வாழ்கிற மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஏ14 அருமையான தேர்வு. அவர்களிடம் ஏரைவிடவும் இதைச் சொல்வேன், கால் கிலோவுக்காக.

எல்ஜி கிராமை ஒரே ஒரு காரணத்துக்காக வாங்கலாம்: பெரிய திரை. 17 அங்குலத் திரையை 1.35 கிலோ பக்கத்தில் தருகிறார்கள். கண்பார்வை சற்று மங்கியவர்களுக்கும், இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர்களுக்கும் அது பெரிய உதவி. மூடியைப் பிடித்தால் லேசாக வளையும். அது மெக்னீசியத்தின் குணம், பயப்பட வேண்டாம். ஆனால் 17 அங்குலம் பேருந்தில் மடியில் வைக்க ஏற்றதல்ல, எடை எதுவானாலும்.

எடைக் குறைப்பில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர்கள் ஜப்பானியர்கள்தான். 2020-இல் ஃபுஜிட்சு 13.3 அங்குலத் திரையோடு 634 கிராமில் ஒன்றை அறிவித்தது, அதுவும் லேன் கம்பி சொருகும் போர்ட்டை விட்டுவிடாமல். ரயிலில் நின்றபடி வேலைக்குப் போகிற ஊரில் மில்லிமீட்டரை யாரும் கேட்பதில்லை போலும். அந்த வரிசையில் கொஞ்சம் கனமான, 900 கிராமுக்கு உட்பட்ட ஒன்று 2021-இல் இந்தியாவுக்கும் வந்தது. சர்வீஸ் எங்கே என்று தேடுகிற நிலையில் இங்கே அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

எடை என்று பேசும்போது சார்ஜரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். லேப்டாப்போடு வரும் 65 வாட் சார்ஜர் பலவும், தடித்த மூன்று முனைக் கம்பியோடு சேர்த்தால், கால் கிலோவைத் தொடும். ஒரு கிலோ லேப்டாப்புக்காக ஐம்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு அதை நாளெல்லாம் சுமப்பதில் என்ன பொருள்? இங்கே சொன்ன மாடல்கள் எல்லாமே யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும். காலியம் நைட்ரைடு வகை, 65 வாட் சின்ன சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டால் போனுக்கும் அதுவே ஆகும். கம்பெனி கொடுத்ததை வீட்டு மேஜையிலேயே விட்டுவிடலாம்.

இன்னொன்று, ரேம். முன்பெல்லாம் 4 ஜிபியோடு வாங்கிவிட்டு, இரண்டு வருடம் கழித்துச் சென்னை ரிச்சி தெருவில் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. இந்தப் பட்டியலில் ஒரு மாடலில்கூட அது நடக்காது. 2025 கடைசியிலிருந்து மெமரி விலை வேறு ஏறிக்கிடக்கிறது, 32 ஜிபி மாடல்களின் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். இருந்தாலும் விண்டோஸில் 16 ஜிபிக்குக் கீழே இறங்கவே வேண்டாம். காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் எஸ்எஸ்டியில் பிடியுங்கள். விண்டோஸ் லேப்டாப்புகளில் அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், சொந்தக் காசுக்கு எக்ஸ்1 கார்பன் வேண்டுமென்பவர்களுக்குச் சொல்கிறேன் என்றேனே. கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிப்பவை மொத்தமாகப் பழைய லேப்டாப் சந்தைக்கு வருகின்றன. 2021-இல் வந்த 9-ஆம் தலைமுறையைத் தேடுங்கள். 16:10 உயரமான திரை அதில்தான் தொடங்கியது, எடை 1.13 கிலோ. அதற்கு முந்தியவை என்றால் 2018-இல் வந்த 6-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். ஆறுக்கு முந்தியவை விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாக ஏற்காது, விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. காசு கொடுக்குமுன் இரண்டு சோதனை. ஒன்று, ஆன் செய்யும்போது எஃப்1-ஐ அழுத்தி பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அதை எடுக்க லெனோவோவிடம் போனாலும் போர்டைத்தான் மாற்றச் சொல்வார்கள். இரண்டு, விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்க வசதி இருக்கிறது. புதிதில் 57 வாட்-மணி இருந்தது இப்போது 35 என்று காட்டினால், புதுப் பேட்டரி என்ன விலை என்று கடைக்காரரிடமே கேட்டு, அதைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.